டூ மெனி கனெக்‌ஷன்ஸ்: மைஎஸ்கியூஎல் சர்வரை எங்கே தொட வேண்டும், எங்கே தொடக் கூடாது

ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் திங்கட்கிழமை. நான் பராமரிக்கும் ஒரு பள்ளிக் கட்டணத் தளத்தில் பெற்றோர்கள் பணம் கட்ட மொத்தமாக நுழைந்தார்கள். அதன் தரவு மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் இருக்கிறது. காலை 9.20-க்கு ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’ என்று பிழை: தரவுத்தளத்தோடு இணைந்திருப்பவர்கள் வரம்பைத் தொட்டுவிட்டார்கள். தேடியதும் கண்ணில் பட்ட முதல் பதில், மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை (அந்த வரம்பை) 1000 ஆக்கு, பஃபர் பூலை (தரவை ரேமில் வைத்திருக்கும் இடம்) முக்கால் பங்கு ரேம் அளவுக்கு ஏற்று என்றது. இரண்டையும் செய்தேன். 20 நிமிடம் ஓடியது. அப்புறம் மைஎஸ்கியூஎல்லே விழுந்தது. ரேம் தீர்ந்துபோய் லினக்ஸ் அதைக் கொன்றிருந்தது. பலருக்கு வங்கியில் பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை. அன்று இருட்டும் வரை ஃபோனைக் கீழே வைக்க முடியவில்லை.

கடைசியில் அந்த 1000-ஐ நான் 80 ஆகக் குறைத்தேன். முதலில் இருந்த 151-ஐ விடவும் குறைவு. அதன்பின் அந்தப் பிழை வரவில்லை. எண்ணைக் குறைத்தால் நெரிசல் எப்படிக் குறையும் என்று எனக்குப் புரிய மூன்று இரவுகள் ஆயின. உங்களுக்கு ஒரு மாலைப் பொழுது போதும் என்று நினைக்கிறேன்.

என் அமைப்பு இது: 4 ஜிபி ரேம் உள்ள ஒரு லினக்ஸ் சர்வரில் மைஎஸ்கியூஎல் 8.0 மட்டும்; தனியாக இரண்டு வெப் சர்வர்கள், அவற்றில் பிஎச்பி. மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபிக்கும் பெரும்பாலானவை பொருந்தும், மாறும் இடங்களில் சொல்கிறேன். பகிர்வு ஹோஸ்டிங்கில் இருப்பவர்கள் சர்வர் அமைப்பை மாற்ற முடியாது. 3, 7 ஆகிய இரண்டு படிகளை மட்டும் படித்தால் போதும். கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் எழுதும்போது ஆங்கிலத்தில், அமைப்புப் பெயரின் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுதுங்கள்.

1. தொடுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பேக்கப். மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையை ‘சிங்கிள் டிரான்சாக்‌ஷன்’ என்ற தேர்வோடு ஓட்டினால் இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான சேமிப்பு முறை) டேபிள்களைப் பூட்டாமல் எடுக்கும். அடுத்தது, இப்போதுள்ள அமைப்புக் கோப்பின் நகல், தேதியைப் பெயரில் சேர்த்து. மூன்றாவது, சர்வருக்குள் தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழையும் வசதியும் தரவுத்தளத்தின் ரூட் (நிர்வாகி) கடவுச்சொல்லும். நான்காவது ஒரு சாதாரணத் தாள். மைஎஸ்கியூஎல்லின் சரியான பதிப்பு எண், மொத்த ரேம், அதே சர்வரில் வேறு என்ன ஓடுகிறது, தரவு மொத்தம் எத்தனை ஜிபி, எத்தனை வெப் சர்வர்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை பிஎச்பி வேலையாட்கள் (கோரிக்கைகளைக் கையாளும் பிராசஸ்கள்). இந்த ஆறும் தாளில் இல்லாமல் 4-ஆம் படிக்குப் போகாதீர்கள்.

நேரம்: அளக்க ஒரு நாள், மாற்ற ஒரு இரவு, கவனிக்க ஒரு வாரம். மாற்றும் இரவில் ஒரு ரீஸ்டார்ட்டாவது தேவைப்படும். மாதக் கடைசி, கட்டணக் கெடு, தேர்வு முடிவு போன்ற நாட்களுக்கு முந்தைய இரவில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. எல்லா இடமும் நிரம்பினாலும் நிர்வாகி நுழைவதற்கென்று மைஎஸ்கியூஎல் ஓர் இடத்தைத் தனியாக வைத்திருக்கும். 151 என்றால் உண்மையில் 152. ஆனால் உங்கள் செயலியே ரூட் பெயரில் நுழைந்துகொண்டிருந்தால் அந்த 152-ஆவது இடத்தையும் அதுவே பிடித்துவிடும். தீ விபத்து வழியில் சைக்கிள் நிறுத்திய கதை. செயலிக்குத் தனிக் கணக்கு உருவாக்கி, அதற்குத் தேவையான தரவுத்தளத்தின் மீது மட்டும் உரிமை கொடுங்கள்.

2. எந்தப் பிழை என்று எண்ணைப் பாருங்கள்

‘டேட்டாபேஸ் டைம்அவுட் ஆகிறது’ என்று எல்லாரும் சொல்வது ஐந்தாறு வெவ்வேறு நோய்கள். பிழை எண் முக்கியம்.

1040 என்றால் இடம் நிரம்பிவிட்டது. 2006, ‘சர்வர் ஹேஸ் கான் அவே’: உங்கள் செயலி கையில் வைத்திருந்த கனெக்‌ஷனை மறுமுனை எப்போதோ மூடிவிட்டது, அல்லது அனுப்பிய பொட்டலம் அனுமதித்த அளவை மீறியது. 2013 என்றால் கேள்வி (தரவுத்தளத்துக்கு அனுப்பும் கொயரி) ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்தது. 1205 என்றால் வேறொருவர் பூட்டிய டேபிள் வரிசைக்காகக் காத்திருந்து அலுத்துவிட்டது. இதற்கும் கனெக்‌ஷன் எண்ணிக்கைக்கும் தொடர்பே இல்லை.

2003 வந்தால் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் உள்ள எண்ணையும் பாருங்கள். 111 என்றால் அந்தப் போர்ட்டில் யாருமில்லை: மைஎஸ்கியூஎல் ஓடவில்லை, அல்லது அது உள் முகவரியில் மட்டும் காது கொடுக்கிறது. 110 என்றால் பெரும்பாலும் ஃபயர்வால் மைஎஸ்கியூஎல்லின் 3306 போர்ட்டை மறித்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் இந்தக் கட்டுரையில் மருந்து இல்லை.

1129 வந்தால் பதற்றம் வேண்டாம். ஒரே முகவரியிலிருந்து தொடர்ந்து 100 முறை பாதியில் அறுந்த தொடர்பு வந்ததால் சர்வர் அந்த முகவரியைத் தள்ளிவைத்திருக்கிறது. மைஎஸ்கியூஎல்அட்மின் கட்டளையில் ‘ஃப்ளஷ் ஹோஸ்ட்ஸ்’ கொடுத்தால் திறந்துவிடும். காரணம் பல சமயம் நாமே வைத்த கண்காணிப்புக் கருவிதான். போர்ட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு பேசாமல் ஓடிவிடும்.

3. யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

இந்தப் படிதான் எனக்கு விடை கொடுத்தது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நெரிசல் நேரத்தில் உள்ளே நுழைந்து ‘ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட்’ என்று கொடுங்கள். ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஒரு வரி வரும். ‘கமாண்ட்’ என்ற பத்தியில் ‘கொயரி’ என்றிருந்தால் வேலை நடக்கிறது. ‘ஸ்லீப்’ என்றிருந்தால் ஒன்றும் நடக்கவில்லை, இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ‘டைம்’ பத்தி, எத்தனை விநாடியாக அந்த நிலை என்று சொல்லும்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்தவர்கள் இலையை மூடாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள், வாசலில் கூட்டம் நிற்கிறது. நான் செய்தது என்னவென்றால், கூடுதலாக 849 இலை போடச் சொன்னேன். கூடத்தில் இடமில்லை, சமையற்காரரும் மயங்கி விழுந்தார்.

அன்று எடுத்து வைத்திருந்த பட்டியலை இரவில் எண்ணினேன். 151 வரிகளில் 138 ஸ்லீப். ஒவ்வொன்றும் 10, 20, 30 விநாடியாக. வேலை செய்துகொண்டிருந்தவை வெறும் 13.

காரணம் என் நிரலில் இருந்தது. பணம் வந்ததும் தரவுத்தளத்தில் எழுதுகிறேன். அப்புறம் அதே இடத்திலிருந்து குறுஞ்செய்தி அனுப்பும் சேவையைக் கூப்பிட்டு அது பதில் சொல்லும் வரை காத்திருக்கிறேன். அதன்பின்தான் கனெக்‌ஷனை மூடுகிறேன். சாதாரண நாளில் அந்தச் சேவை அரை விநாடியில் பதில் சொல்லும். நெரிசல் நாளில் அரை நிமிடம் எடுத்தது. அவ்வளவு நேரமும் தரவுத்தளத்தில் ஓர் இலை காலியாகவே விரிந்து கிடந்தது. திருத்தம் இரண்டு வரி: எழுதி முடித்ததும் கனெக்‌ஷனை மூடு, குறுஞ்செய்தியை ஒரு வரிசையில் போட்டுவிட்டு வேறொரு ஸ்கிரிப்ட் அனுப்பட்டும்.

நீங்களும் வெளிச் சேவையைக் கூப்பிடும் இடங்களைத் தேடுங்கள்: மின்னஞ்சல், பணப் பரிமாற்றம், பிடிஎஃப் உருவாக்கம். கனெக்‌ஷன் திறந்திருக்கும்போது இவற்றில் எதுவும் நடக்கக் கூடாது. டிரான்சாக்‌ஷன் (ஒன்றாகப் பதிய வேண்டிய கட்டளைத் தொகுப்பு) திறந்திருக்கும்போது நடந்தால் இன்னும் மோசம். அது பூட்டுகளையும் பிடித்துக்கொண்டு தூங்கும். 1205 பிழை அங்கிருந்துதான் கிளம்பும். ‘இன்ஃபர்மேஷன் ஸ்கீமா’வில் உள்ள ‘இன்னோடிபி டிஆர்எக்ஸ்’ என்ற டேபிளைப் பார்த்தால் எந்த டிரான்சாக்‌ஷன் எப்போது தொடங்கியது என்று தெரியும்.

மூன்று எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஷோ குளோபல் ஸ்டேட்டஸ்’ கட்டளையில் கிடைக்கும்: த்ரெட்ஸ் கனெக்டட் (உட்கார்ந்திருப்பவர்கள்), த்ரெட்ஸ் ரன்னிங் (சாப்பிடுபவர்கள்), மேக்ஸ் யூஸ்டு கனெக்‌ஷன்ஸ் (சர்வர் தொடங்கியதிலிருந்து உச்சம்). முதலாவது 150, இரண்டாவது 13 என்றால் உங்களுக்கும் என் நோய்தான். இரண்டுமே உயர்ந்திருந்தால் கேள்விகள் மெதுவாக ஓடுகின்றன. அப்படியானால் 7-ஆம் படிக்கு முதலில் போங்கள், பிறகு திரும்பி வாருங்கள்.

4. ரேம் கணக்கு

பேனாவை எடுங்கள். ஒவ்வொரு கனெக்‌ஷனும் தேவைப்படும்போது தனக்கென்று நினைவகம் எடுக்கும். மைஎஸ்கியூஎல் 8.0-இல் கொடாநிலையில் (நாம் மாற்றாதவரை உள்ள மதிப்பில்) சார்ட் பஃபர் 256 கேபி, ஜாயின் பஃபர் 256 கேபி, ரீட் பஃபர் 128 கேபி, ரீட் ரேண்டம் பஃபர் 256 கேபி, அதோடு த்ரெட் ஸ்டாக். கூட்டி 2 எம்பி என்று வையுங்கள். கேள்வி தற்காலிக டேபிள் உருவாக்கினால் அதற்கு மேல் 16 எம்பி வரை போகலாம். மரியாடிபியில் சார்ட் பஃபர் மட்டுமே 2 எம்பி. அங்கே கணக்கைக் கூட்டிப் போடுங்கள்.

என் 4 ஜிபியில் (4096 எம்பி) கணக்கு இப்படி வந்தது:

இயங்குதளமும் சில்லறையும்: 500 எம்பி
பஃபர் பூல்: 2048 எம்பி
மைஎஸ்கியூஎல்லின் சொந்தச் செலவு: 400 எம்பி
80 கனெக்‌ஷன், தலைக்கு 2 எம்பி: 160 எம்பி
ஒரே நேரத்தில் 20 தற்காலிக டேபிள்: 320 எம்பி

மொத்தம் 3428. சுமார் 650 எம்பி மிச்சம், பேக்கப் ஓடும்போது மூச்சுவிட. அன்று நான் வைத்தது பஃபர் பூல் 3 ஜிபி. மற்றதெல்லாம் மீதி 1 ஜிபிக்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லை. உங்கள் சர்வரும் திடீரென்று விழுந்திருந்தால் ‘டிமெஸ்க்’ கட்டளையில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். மைஎஸ்கியூஎல்லின் சொந்த லாகில் இதைப் பற்றி ஒன்றும் இருக்காது. கொல்லப்பட்டவருக்கு எழுத நேரம் கிடைக்காது அல்லவா. நான் அந்த லாகையே இரண்டு மணி நேரம் படித்தேன்.

பஃபர் பூல் என்பது தரவையும் இண்டெக்ஸையும் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) ரேமில் வைத்திருக்கும் இடம். கொடாநிலை 128 எம்பி மட்டுமே. இதை மாற்றாமல் விட்டவர்கள் ஏராளம். தரவுத்தளம் மட்டும் ஓடும் சர்வரில் ரேமில் 50 முதல் 75 விழுக்காடு என்பது வழக்கம். 4 ஜிபி போன்ற சின்னச் சர்வரில் 50-க்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். அதே சர்வரில் பிஎச்பியும் ஓடினால் 25-இல் தொடங்குங்கள். மொத்தத் தரவே 600 எம்பி என்றால் 8 ஜிபி பூல் வைத்து ஒரு பயனும் இல்லை.

இப்போது மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ். இந்த எண்ணை ஊகிக்கத் தேவையில்லை. வெப் சர்வர் பக்கத்திலிருந்து கணக்கிட்டுவிடலாம். ஒரு பிஎச்பி வேலையாள் ஒரு நேரத்தில் ஒரு கனெக்‌ஷன் பிடிப்பார். என் இரண்டு வெப் சர்வரிலும் பிஎச்பி-எஃப்பிஎம்மின் ‘மேக்ஸ் சில்ட்ரன்’ (வேலையாட்களின் உச்ச வரம்பு) 100 என்று இருந்தது. ஆக 200 பேர் வரலாம், இடம் 151. நிரம்பாமல் என்ன செய்யும்? வேலையாட்களைத் தலா 30 ஆக்கினேன். 60. கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானே ஓடுபவை), பேக்கப், நான் நுழைய என்று 20. மொத்தம் 80.

வேலையாட்களைக் குறைத்தால் பெற்றோர் வெளியே நிற்க மாட்டார்களா? நிற்பார்கள், ஒரு நொடி. ஒரு கோரிக்கை 0.1 விநாடியில் முடிந்தால் 60 வேலையாட்கள் விநாடிக்கு 600 கோரிக்கைகளை முடிப்பார்கள். ஒவ்வொன்றும் 3 விநாடி எடுத்தால் 200 வேலையாட்கள் இருந்தும் 66 தான். மிஞ்சும் கூட்டம் வெப் சர்வர் வாசலில் வரிசையில் நிற்கட்டும். அங்கே நிற்பதற்கு மிகக் குறைந்த நினைவகம்தான் செலவாகும். தரவுத்தளத்துக்குள் விட்டுவிட்டால் ஒவ்வொருவரும் ஒரு பங்கு ரேமையும் கொஞ்சம் சிபியுவையும் தின்பார்கள்.

பிஎச்பி அல்லாமல் ஜாவா, பைத்தான் என்று கனெக்‌ஷன் பூல் (திறந்தே வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தும் இணைப்புகளின் தொகுப்பு) வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்கு: செயலிகளின் எண்ணிக்கை, பெருக்கல் பூல் அளவு, கூட்டல் 20. ஜாவாவின் ஹிகாரிசிபியில் பூல் அளவு கொடாநிலையில் 10. பைத்தானின் எஸ்கியூஎல்ஆல்கெமியில் 5, அதற்கு மேல் வழிந்தால் 10, ஆக உச்சம் 15, அதுவும் ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனியாக. புதுப் பதிப்பை ஏற்றும் நேரத்தில் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும், அந்தச் சில நிமிடங்களுக்கு எண்ணிக்கை இரட்டிப்பாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. டைம்அவுட்கள்: முதலில் யார் ஃபோனை வைப்பது?

வெயிட் டைம்அவுட் என்பது, சும்மா கிடக்கும் கனெக்‌ஷனை எத்தனை விநாடியில் சர்வர் மூடும் என்ற எண். கொடாநிலை 28800, அதாவது 8 மணி நேரம். வெப் தளத்துக்கு இது அநியாயம். நான் 300 வைத்திருக்கிறேன். மேலே சொன்ன குறுஞ்செய்திச் சிக்கலை இது தீர்க்காது, அங்கே காத்திருப்பு அரை நிமிடம்தானே. பாதியில் தொங்கிப்போன கிரான் ஸ்கிரிப்ட்கள் நாள் முழுக்க இடம் பிடிக்காமல் இருக்க உதவும், அவ்வளவுதான். சிலர் இதை 10, 20 என்று வைக்கச் சொல்வார்கள். வைத்தால் நீளமான அறிக்கை தயாரிக்கும் ஸ்கிரிப்ட் நடுவில் கொஞ்சம் யோசித்தாலே 2006 வரும்.

இங்கே நான் ஒரு முழு இரவைத் தொலைத்தேன். கோப்பில் 300 போட்டு, ரீஸ்டார்ட் செய்து, உள்ளே நுழைந்து ‘ஷோ வேரியபிள்ஸ்’ பார்த்தால் 28800. திரும்பத் திரும்ப 28800. கோப்பைத் தவறான இடத்தில் எழுதிவிட்டேனோ என்று மூன்று கோப்புகளைக் கலைத்துப்போட்டேன். உண்மை என்னவென்றால், கையால் தட்டச்சு செய்யும் மைஎஸ்கியூஎல் முனையத்தில் நுழைபவருக்கு வெயிட் டைம்அவுட்டாக ‘இன்டராக்டிவ் டைம்அவுட்’டின் மதிப்பைத்தான் சர்வர் கொடுக்கும். என் அமர்வுக்கு 28800, செயலிகளுக்கு 300. ‘ஷோ குளோபல் வேரியபிள்ஸ்’ என்று கேளுங்கள், உண்மை தெரியும். இன்னொன்று: ஓடும்போதே மாற்றினால் புதிதாக வரும் கனெக்‌ஷன்களுக்கு மட்டும்தான் பொருந்தும், ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் பழைய கெடுவிலேயே இருப்பார்கள்.

கனெக்‌ஷன் பூல் வைத்திருப்பவர்களுக்கு ஒரே விதி: செயலிதான் முதலில் ஃபோனை வைக்க வேண்டும், சர்வர் அல்ல. சர்வர் முதலில் மூடினால் பூலுக்குத் தெரியாது. செத்த கனெக்‌ஷனை எடுத்துக் கொடுக்கும், 2006 வரும். ஹிகாரிசிபியில் ‘மேக்ஸ் லைஃப்டைம்’ கொடாநிலை 30 நிமிடம். வெயிட் டைம்அவுட்டை 300 ஆக்கிவிட்டு அதைத் தொடாமல் விட்டால் வினையை நீங்களே வரவழைக்கிறீர்கள். அதை 240 விநாடிக்குக் குறைக்கவும், இல்லையென்றால் வெயிட் டைம்அவுட்டை 1 மணி நேரமாக வைக்கவும். எஸ்கியூஎல்ஆல்கெமியில் ‘பூல் ரீசைக்கிள்’, ‘பூல் ப்ரீ பிங்’ இரண்டும் இதற்குத்தான்.

நடுவில் ஒரு மூன்றாம் ஆளும் இருக்கலாம். அமேசான் கிளவுடின் நாட் கேட்வே (உள் வலையமைப்பை வெளியோடு இணைக்கும் வாயில்) 350 விநாடி பேச்சில்லாத தொடர்பைத் துண்டித்துவிடும், இரு முனைக்கும் சொல்லாமலே. லினக்ஸின் கீப்அலைவ் (தொடர்பு உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) கொடாநிலையில் 7200 விநாடிக்குப் பிறகுதான் முதல்முறை தட்டிப் பார்க்கும். ஆகவே வழியில் இப்படி ஏதாவது இருந்தால் எல்லாக் கெடுவும் 350-க்குள் அடங்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனெக்ட் டைம்அவுட் 10, அப்படியே விடுங்கள். நெட் ரீட் 30, நெட் ரைட் 60. பெரிய பேக்கப்பை மெதுவான இணைப்பில் இழுக்கும்போது 2013 வந்தால் மட்டும் நெட் ரைட்டை 600 ஆக்கிப் பாருங்கள். மேக்ஸ் அலவ்டு பாக்கெட் 8.0-இல் 64 எம்பி, மரியாடிபியில் 16 எம்பி. படங்களைத் தரவுத்தளத்துக்குள் திணிப்பவர்களுக்குத்தான் இது இடிக்கும்.

இன்னோடிபி லாக் வெயிட் டைம்அவுட் 50 விநாடி. வெப் தளத்தில் அவ்வளவு நேரம் யாரும் காத்திருக்க மாட்டார்கள், 10 முதல் 15 போதும். ஆனால் கவனம்: இந்தக் கெடு தாண்டினால் கொடாநிலையில் கடைசிக் கட்டளை மட்டும்தான் ரத்தாகும், முழு டிரான்சாக்‌ஷனும் அல்ல. நிரல் 1205-ஐப் பிடித்து முழுவதையும் ரோல்பேக் (ரத்து) செய்யாவிட்டால் பாதிக் கணக்கு எழுதப்பட்டுவிடும். பணம் சம்பந்தப்பட்ட தளம் என்றால் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

கேள்விக்கே கெடு வைக்க மைஎஸ்கியூஎல்லில் மேக்ஸ் எக்ஸிகியூஷன் டைம், மரியாடிபியில் மேக்ஸ் ஸ்டேட்மென்ட் டைம். முன்னது மில்லிவிநாடி, செலக்ட் கேள்விகளுக்கு மட்டும். பின்னது விநாடி. ஒன்றைப் பார்த்து மற்றொன்றுக்கு எழுதி, 30 மில்லிவிநாடியில் எல்லாக் கேள்வியும் செத்துப்போனதைப் பார்த்துத் திகைத்தவர்களில் அடியேனும் ஒருவன்.

இது ஏன் அவசியம் என்றால், வெப் சர்வர் மென்பொருளான என்ஜினெக்ஸ் கொடாநிலையில் 60 விநாடியில் பிஎச்பியைக் கைவிட்டு 504 (டைம்அவுட்) பிழை காட்டும். பெற்றோர் என்ன செய்வார்? பக்கத்தைப் புதுப்பிப்பார். முதல் கேள்வி உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், அதன் மேல் அதே கேள்வி இன்னொன்று. பிஎச்பியின் 30 விநாடிக் கெடு காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். லினக்ஸில் தரவுத்தளத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தை அது கணக்கில் எடுப்பதில்லை.

6. கோப்பில் எழுதும் முறை

உபுண்டுவில் ‘இடிசி’க்குள் ‘மைஎஸ்கியூஎல்’ அடைவு, அதற்குள் ‘மைஎஸ்கியூஎல் டாட் கான்ஃப் டாட் டி’, அதில் ‘மைஎஸ்கியூஎல்டி டாட் சிஎன்எஃப்’. ரெட்ஹேட் குடும்பத்தில் ‘இடிசி’யிலேயே ‘மை டாட் சிஎன்எஃப்’. எழுதுவது ‘மைஎஸ்கியூஎல்டி’ என்ற பகுதித் தலைப்பின் கீழ் இருக்க வேண்டும். ‘கிளையன்ட்’ என்பதன் கீழ் எழுதினால் சர்வர் அதைப் பார்க்காது. ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் கடைசியாகப் படிக்கப்படுவது வெல்லும்.

‘செட் குளோபல்’ என்று ஓடும்போது மாற்றியது ரீஸ்டார்ட்டில் போய்விடும். ‘செட் பெர்சிஸ்ட்’ என்று மாற்றியது தரவு அடைவுக்குள் ஒரு தனிக் கோப்பில் பதிந்து, கடைசியாகப் படிக்கப்படும். ஆறு மாதம் கழித்து நீங்கள் மூலக் கோப்பை எவ்வளவு திருத்தினாலும் மாறாமல் நிற்கிறதென்றால் அங்கே போய்ப் பாருங்கள்.

பழைய பதிவுகளிலிருந்து கொயரி கேஷ் (கேள்வியின் விடையைச் சேமித்து வைக்கும் வசதி) வரிகளை நகலெடுக்காதீர்கள். 8.0-இல் அந்த வசதியே நீக்கப்பட்டுவிட்டது. தெரியாத பெயரைக் கண்டால் சர்வர் எழுந்திருக்கவே மறுக்கும். 8.0.16 முதல் ‘வேலிடேட் கான்ஃபிக்’ தேர்வோடு மைஎஸ்கியூஎல்டியை ஓட்டினால் ரீஸ்டார்ட்டுக்கு முன்பே பிழையைச் சொல்லிவிடும்.

5.6, 5.7 வைத்திருப்பவர்கள் 500 கேட்டும் 214-இல் நின்றால் மந்திரம் ஒன்றுமில்லை. திறக்கக்கூடிய கோப்புகளின் வரம்பு 1024 என்று இருக்கிறது. அதில் 10-ஐயும் 800-ஐயும் சர்வர் தன் பயனுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கிறது. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ‘லிமிட் நோஃபைல்’ மதிப்பை ஏற்றினால் தீரும்.

இணைவதற்கே பல விநாடி பிடித்தால் ‘ஸ்கிப் நேம் ரிசால்வ்’ போட்டுப் பாருங்கள். வருபவரின் முகவரிக்குப் பெயர் தேடுவதை சர்வர் விட்டுவிடும். அதற்கு முன் பயனர் கணக்குகளில் பெயராக இருப்பவற்றை ஐபி முகவரியாக மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் உங்களையே உள்ளே விடாது.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். பஃபர் பூலை ஓடும்போதே மாற்றலாம், 128 எம்பியைப் பூல் பகுதிகளின் (இன்ஸ்டன்ஸ்) எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் அளவின் மடங்காக அது தானே உயர்த்திக்கொள்ளும். ரீஸ்டார்ட் சில நிமிடம் எடுத்தால் பொறுங்கள். ரேமில் உள்ளதை வட்டில் எழுதிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ‘கில் மைனஸ் 9’ வேண்டவே வேண்டாம். எழுந்ததும் முதல் சில நிமிடம் மெதுவாக இருக்கும், பூல் நிரம்ப வேண்டும்.

7. மெதுவான கேள்வியைத் தேடுங்கள்

ஸ்லோ கொயரி லாக் கொடாநிலையில் அணைந்திருக்கும். எரிந்தாலும் 10 விநாடிக்கு மேற்பட்டதைத்தான் எழுதும். அதை 1 விநாடியாக்கி ஒரு நாள் ஓடவிடுங்கள். ‘மைஎஸ்கியூஎல்டம்ப்ஸ்லோ’ கட்டளை ஒரே மாதிரிக் கேள்விகளைக் கூட்டிக் காட்டும். முதல் மூன்றைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது. லாக் கோப்பு வட்டை நிரப்பாமல் லாக்ரொட்டேட்டில் (பழைய லாகுகளை அகற்றும் கருவி) சேர்க்க மறக்காதீர்கள்.

என் பட்டியலில் முதலிடம், ஃபோன் எண்ணை வைத்து மாணவரைத் தேடும் கேள்வி. 6 விநாடி. இண்டெக்ஸ் இருந்தது. ‘எக்ஸ்ப்ளெயின்’ (கேள்வி ஓடும் வழியைக் காட்டும் கட்டளை) போட்டால் 4 லட்சம் வரிசைகளையும் படிப்பதாகச் சொன்னது. ஃபோன் எண் பத்தி எழுத்து வகை. என் கேள்வியில் எண்ணை மேற்கோள்குறி இல்லாமல் எழுதியிருந்தேன். எழுத்தை எண்ணோடு ஒப்பிடச் சொன்னால் ஒவ்வொரு வரிசையையும் எண்ணாக மாற்றித்தான் பார்க்க முடியும், இண்டெக்ஸ் வீண். இரண்டு மேற்கோள்குறி போட்டதும் கண்ணிமைப்பதற்குள் வந்தது.

வேகத்துக்காக ‘இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிஆர்எக்ஸ் கமிட்’டை (பதிவுகளை எப்போது வட்டில் எழுதுவது என்ற அமைப்பு) 2 ஆக்கச் சொல்வார்கள். வேகம் கூடுவது உண்மை. மின்சாரம் போனாலோ இயங்குதளம் விழுந்தாலோ கடைசி ஒரு விநாடிப் பதிவுகள் போகலாம் என்பதும் உண்மை. கட்டணத் தளத்தில் நான் 1-ஐ விட்டு நகர மாட்டேன். வருகைக் கணக்கோ செய்தித் தளமோ என்றால் தயங்க மாட்டேன்.

8. எதற்குப் பணம், எதற்கு வேண்டாம்

மேலே சொன்ன எதற்கும் ஒரு ரூபாய் செலவில்லை. நான் செலவழித்தேன்: அந்த ஜூன் இரண்டாம் வாரம் பயந்துபோய் இரட்டிப்பு ரேம் உள்ள திட்டத்துக்கு மாறினேன், மாத வாடகையும் இரட்டிப்பு. ஸ்லீப் கனெக்‌ஷன்கள் தூங்குவதற்கு அகலமான கட்டில் கிடைத்தது, வேறொன்றும் மாறவில்லை. அடுத்த மாதம் திரும்பி வந்துவிட்டேன்.

ரேம் வாங்குவது எப்போது சரி? ‘இன்னோடிபி பஃபர் பூல் ரீட்ஸ்’ வட்டிலிருந்து படித்த தடவை, ‘ரீட் ரிக்வெஸ்ட்ஸ்’ மொத்தம் கேட்ட தடவை. இரண்டையும் ஒரு மணி நேர இடைவெளியில் இரு முறை குறித்து வித்தியாசத்தைப் பாருங்கள். கேள்விகளைச் சரிசெய்த பின்னும் 100-இல் ஒன்றுக்கு மேல் வட்டுக்குப் போகிறது, தளமும் மெதுவாக இருக்கிறது, தரவு பூலைவிடப் பெரியது என்றால் வாங்குங்கள். செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே நிற்கும் ப்ராக்ஸிஎஸ்கியூஎல் போன்ற மென்பொருள் இலவசம்தான், ஆனால் இரண்டு வெப் சர்வருக்கு அதை நிறுவிப் பராமரிக்கும் நேரம் தண்டம் என்பது என் எண்ணம். இருபது சர்வர் வைத்திருப்பவர்களுக்கு அது வேறு விஷயம்.

9. ஒரு வாரம் கவனியுங்கள்

‘ஃப்ளஷ் ஸ்டேட்டஸ்’ கொடுத்தால் மேக்ஸ் யூஸ்டு கனெக்‌ஷன்ஸ் இப்போதைய எண்ணிலிருந்து புதிதாகத் தொடங்கும். தினமும் ஒரே நேரத்தில் அதையும், அபார்ட்டட் கிளையன்ட்ஸ், அபார்ட்டட் கனெக்ட்ஸ் இரண்டையும் குறியுங்கள். கிளையன்ட்ஸ் கொஞ்சம் ஏறுவது இயல்பு. வெயிட் டைம்அவுட்டில் மூடப்படுபவை அதில்தான் சேரும். வேகமாக ஏறினால் கனெக்‌ஷன் பூலின் கெடு சரியில்லை. கனெக்ட்ஸ் ஏறினால் தவறான கடவுச்சொல்லோடு யாரோ கதவைத் தட்டுகிறார்கள்; ஒருவேளை நீங்களே மறந்துபோன பழைய கிரான் வேலையாக இருக்கும். உச்சம் உங்கள் வரம்பில் 80 விழுக்காட்டைத் தாண்டினால் 3-ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

அக்டோபரில் இரண்டாம் தவணைக்குக் கடைசி நாள் வந்தது. காலை 8.45-க்கே முனையத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் வரை உச்சம் 41-ஐத் தாண்டவில்லை. அன்று பள்ளியிலிருந்து ஒரே ஒரு ஃபோன் வந்தது: ரசீதில் ஒரு பையனின் இனிஷியல் தப்பாக இருக்கிறதாம்.